சேர் பார்னபியின் தகப்பனார்

சுவிட்சர்லாந்தின் சூக் நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில் இருநூற்றுப் பதினாறு கம்பனிகளுக்குத் தபால்பெட்டி உண்டு, ஆட்கள் கிடையாது. மூன்றாம் மாடியில் ஆட்கள் உண்டு, வேலை கிடையாது. அந்தக் கட்டடத்தில் ஆளாகவும் இருந்து வேலையும் செய்த ஒரே மனிதர் குகநாதன். பதினொரு வருடமாக மூன்றாம் மாடியைத் துப்புரவு செய்துவந்தார்.

மூன்றாம் மாடியில் இருந்தது சேர் பார்னபி குவில்டன் ஞாபகார்த்த அறக்கட்டளை. சேர் பட்டம் வாங்கிய இந்தப் பார்னபி பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அவருடைய பாலிகுல்லன் தொகுதியில் மொத்தம் பதின்மூன்று வாக்காளர்கள். பன்னிரண்டு பேர் அவருடைய காணியில் குடியிருந்தவர்கள், பதின்மூன்றாவது ஆள் அவரேதான். ஒவ்வொரு தேர்தலிலும் ஏகமனதாக வென்று, முப்பத்தொரு வருடம் டப்ளின் சபையில் உட்கார்ந்திருந்து, ஒரேயொரு தடவை எழுந்து பேசினார். முன்னால் இருப்பவருடைய தொப்பி மறைக்கிறது என்றார். இரண்டு கலியாணம், பதினொரு பிள்ளைகள். 1791இல் காலமானார்.

அவருடைய வழிவந்த கடைசிப் பணக்காரர் ஒருவர், வரி விஷயமாகச் சூக்கில் வந்து குடியேறி, 1999இல் பிள்ளைகுட்டி இல்லாமல் கண்ணை மூடினார். மூடுவதற்கு முன் ஓர் உயில் எழுதினார். அது இப்போது நடைபாதைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. "சேர் பார்னபியின் வாழ்வும் குடும்பமும், இந்த அறக்கட்டளையின் பணியாளர் ஒருவரால், எந்த மொழியிலாவது எந்த வடிவத்திலாவது வெளியிடப்படும் வரை இது இயங்கவேண்டும். வெளிவந்ததும் இது கலைக்கப்பட்டு, சொத்தெல்லாம் அயர்லாந்தின் வயதுபோன கழுதைகள் காப்பகத்துக்குச் சேரவேண்டும்." இரண்டு வருடத்தில் முடிந்துவிடும் என்று பாவம் அந்த மனிதர் நினைத்திருக்கிறார். நல்லவர்தான். ஆனால் வாழ்நாளில் ஒரு செயற்குழுவிலும் இருந்து பழகாதவர்.

இருபத்தைந்து வருடத்தில் நூலின் முதல் வாக்கியம் வரை வேலை நடந்திருந்தது. "சேர் பார்னபி குவில்டன் 1729ஆம் ஆண்டு" என்று தொடங்கி, ஒரு வெற்றிடம் விட்டு, "என்பவருக்கு மகனாகப் பிறந்தார்" என்று முடியும் வாக்கியம் அது. அந்த வெற்றிடத்தில்தான் வண்டி நின்றது. சேர் பார்னபியின் தகப்பன் யாரென்று தெரியவில்லை. டப்ளினில் பழைய பதிவேடுகள் எல்லாம் நூறு வருடத்துக்கு முன் எரிந்துபோய்விட்டன. ஆகவே தந்தைமை ஆணைக்குழு என்று ஒன்று அமைக்கப்பட்டு, அது வருடத்துக்கு நான்கு தடவை கூடி, தகப்பன் இன்னும் தெரியவில்லை என்று தீர்மானம் எடுத்துக் கலைந்தது. கலைவதற்கு முன் மீன் சாப்பாடு.

ஆணைக்குழுவின் தலைவர் டொக்டர் டொக்டர் ஷ்டூக்கி. இரண்டு டொக்டர் பட்டம் எடுத்தவர்; ஒன்றை மட்டும் சொல்லி அழைத்தால் மற்றதற்காகக் காத்திருப்பார். துணைத்தலைவர் பேராசிரியர் ஃபொன் ஆர்க்ஸ். காரியதரிசி அம்ரைன் என்ற பெண்மணி. அவருடைய மேசையில் இருந்த தொலைபேசி ஒன்பது வருடமாக அடித்ததில்லை. ஆனாலும் அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அங்கே எதையும் ஆதாரம் இல்லாமல் ஏற்பதில்லை. தூசுறிஞ்சும் இயந்திரம் பழுதாகிவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும் என்று குகநாதன் ஒருமுறை எழுதிக் கொடுத்தார். பழைய இயந்திரம் எப்போது, யாரால், எந்தச் சூழலில் வாங்கப்பட்டது என்று நிறுவும்படி பதில் வந்தது. அதை நிறுவ முடியாததால், அப்படி ஓர் இயந்திரம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்றும், இல்லாத ஒன்று பழுதாக முடியாது என்றும் ஆணைக்குழு முடிவுசெய்தது. குகநாதன் தான் குடியிருக்கும் ஆராவ் நகரத்தில் இருந்து வீட்டு இயந்திரத்தை ரயிலில் காவிக்கொண்டு வந்தார்.

இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டு தாங்கினார். சான்றிதழ் விஷயம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

குகநாதன் சுவிசுக்கு வந்து முப்பத்திரண்டு வருடம். மனைவி சுசீலாதேவிக்கும் மகள் ஹரிஷாவுக்கும் எப்போதோ பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. இவர் மட்டும் பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாட்டு விஷயங்களைச் சனத்திடம் கேட்கிற வாக்களிப்பு உறைகள் வரும். சுசீலாதேவிக்கு ஒன்று, ஹரிஷாவுக்கு ஒன்று. தபால்பெட்டியில் இருந்து எடுத்து நாலாம் மாடிவரை கொண்டுபோய்க் கொடுப்பது குகநாதனுடைய வேலை. ஓய்வூதியம், ஓநாய், சுரங்கப்பாதை என்று எல்லாவற்றிலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகச் சொல்லத் தொடங்கினால் சுசீலாதேவி சோற்றுக் கரண்டியை நிமிர்த்திப் பிடிப்பார்.

"வோட்டில்லாத ஆக்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ பாப்பம். நாங்கள் யோசிக்க வேணும்."

மூன்றாவது தடவை இதைக் கேட்ட அன்று குகநாதன் விண்ணப்பப் படிவத்தை நிரப்பினார். எல்லாக் கடதாசியும் சரி. வேலை கொடுத்தவரிடம் இருந்து ஒரு சான்றிதழ் மட்டும் வேண்டும், ஏப்ரல் முப்பதுக்குள் வேண்டும், தவறினால் கோப்பு திரும்பி வந்து வரிசை முதலில் இருந்து தொடங்கும் என்று நகரசபை எழுதியிருந்தது. குகநாதன் பெப்ரவரியிலேயே கேட்டுவிட்டார். ஏப்ரல் பிற்பகுதியில்தான் ஆணைக்குழு அவரை அழைத்தது.

"ஹெர் தம்பிராசா," என்று டொக்டர் டொக்டர் ஷ்டூக்கி ஜெர்மன் மரியாதையோடு ஆரம்பித்தார். "உங்கள் பெயர் குகநாதன் தம்பிராசா. இதில் தம்பிராசா என்பது?"

"என் அப்பாவின் பெயர்."

"அப்படியானால் உங்கள் குடும்பப் பெயர்?"

"குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயர்தான்."

பேராசிரியர் ஃபொன் ஆர்க்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "ஆக, இந்த மனிதரின் பெயரே ஒரு தந்தைமைக் கூற்று," என்றார் மெதுவாக. "ஒவ்வொரு தடவை கையெழுத்துப் போடும்போதும் தகப்பன் யாரென்று அறிவிக்கிறார். ஆதாரம் காட்டாமல்."

"அதுதான் சிக்கல்," என்றார் தலைவர். "நாங்கள் இந்தப் பெயருக்குச் சான்றிதழ் தந்தால், தம்பிராசா என்ற ஒருவர் இருந்தார், அவர் உங்கள் தகப்பன் என்று நாங்கள் சொன்னதாகிவிடும். எங்களுக்கு இரண்டு சுயாதீனமான ஆவணங்கள் வேண்டும். பிறப்புப் பதிவு இருக்கிறதா?"

"ஊர்ச் சண்டைக்குள் பதிவுக் கந்தோரோடு எரிந்துவிட்டது."

"எரிந்துவிட்டது!" இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் அனுதாபம் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. ஒரு வெற்றிடத்தில் இருபத்தைந்து வருடம் மீன் சாப்பிட்டவர்களுக்கு இன்னொரு வெற்றிடம் கிடைத்திருக்கிறது.

"கவலைப்படாதீர்கள்," என்றார் தலைவர். "உங்கள் தகப்பன் விஷயத்தை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் வந்த வரிசைப்படிதான். சேர் பார்னபியின் தகப்பன் முதலில். அவர் தீர்ந்த அன்று உங்கள் தகப்பன்."

"ஏப்ரல் முப்பதுக்குள் தீருமா?"

டொக்டர் டொக்டர் ஷ்டூக்கி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முக்கியமானவற்றை அவர் ஏரியைப் பார்த்துத்தான் சொல்வார். "அவசரம் உண்மையின் எதிரி, ஹெர் தம்பிராசா. இந்த அறக்கட்டளை இருபத்தைந்து வருடத்தில் ஒரு பிழைகூட வெளியிட்டதில்லை. அது ஒரு சாதனை. எப்படிச் சாதித்தோம்? எதையுமே வெளியிடவில்லை."

குகநாதன் நன்றி சொல்லிவிட்டு, அவர்கள் குடித்த கோப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

இந்த இடத்தில் குகநாதனுடைய இன்னொரு தொழிலைச் சொல்லவேண்டும். சுவிசில் ஒரு தமிழ்ச் சனம் செத்தால், செத்த செய்தி டொக்டருக்கு அடுத்ததாகக் குகநாதனுக்குத்தான் போகும். மரண அறிவித்தல், நினைவஞ்சலி, முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம், எல்லாம் அவர் எழுதுவது. மூத்த மருமகனை எங்கே போடுவது, கதை பேச்சு இல்லாத தம்பியை எந்த வரியில் செருகுவது, கனடாவில் இருக்கிற இரண்டாம் தாரத்தை என்ன சொல்லால் குறிப்பது என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறொருவருக்கும் தெரியாது. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. தேடி அலைய மாட்டார். தெரிந்ததை வைத்து உடனே அறிவித்தலைப் போட்டுவிடுவார். விடுபட்டவர்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் தாங்களே தொலைபேசி எடுத்து ஏசுவார்கள். ஏச்சைக் கேட்டு, பெயரை எழுதி, பின்னேரம் திருத்திய பதிப்பைப் போடுவார். இந்த முறையில் பெர்ணில் இருந்து பிரிஸ்பேன் வரை ஒரு குடும்பம் முழுதாக வந்து சேர இரண்டு நாள் எடுக்கும்.

அன்று சூரிச்சில் ரயில் மாறி ஆராவுக்கு வரும்போது அவருக்கு அந்த யோசனை வந்தது. இவர்களுடைய தகப்பன் தீர்ந்தால்தானே என்னுடைய தகப்பன்? கைத்தொலைபேசியை எடுத்து அங்கேயே தட்டச்சு செய்யத் தொடங்கினார். பெயர்களைத் தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. கூட்ட அறையில் சேர் பார்னபியின் படத்தைச் சுற்றிச் சுவர் நிறைய அவருடைய வம்ச வரைபடம் இருந்தது. அதைப் பதினொரு வருடம் தூசு தட்டியவருக்குப் பிள்ளைகளின் வரிசை பாடம்.

வரைபடத்தின் கீழ் மூலையில், மேசை மறைக்கிற இடத்தில், புள்ளிக்கோட்டில் இரண்டு பெயர்கள் இருந்தன. பிரிஜிட், வெண்ணெய் கடைகிறவள். அவளுடைய மகன் டேனியல். பக்கத்தில் "மற்றவை" என்று எழுதியிருந்தது. ஆணைக்குழுவுக்கு அவர்கள் மற்றவை. அறிவித்தல் எழுதுகிறவனுக்கு அப்படி ஒரு வரி கிடையாது. குகநாதன் அவர்களையும் சேர்த்தார். கடைசியில் வந்தது இது:

"அயர்லாந்தைப் பிறப்பிடமாகவும், டப்ளினை வதிவிடமாகவும், சுவிஸ் சூக்கை நினைவிடமாகவும் கொண்ட அமரர் சேர் பார்னபி குவில்டன் (பாலிகுல்லன் தொகுதியின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர்) அவர்களின் நினைவஞ்சலி. அன்னார், காலஞ்சென்ற ஒருவரின் (பெயர் தெரிந்தவர்கள் உடன் அறியத்தரவும்) அன்பு மகனும், காலஞ்சென்ற அரபெல்லா, காலஞ்சென்ற லெற்றிஸ் ஆகியோரின் அன்புக் கணவரும், காலஞ்சென்ற பிரிஜிட்டின் ஆருயிர்த் துணைவரும், காலஞ்சென்றவர்களான ஜோர்ஜ், சோஃபியா..." என்று பதினொரு பிள்ளைகளும், டேனியலும், மருமக்களும் போய், "முப்பத்தொரு வருடம் சபையில் அமைதியாக இருந்து தொண்டாற்றியவரும், மறைப்பைச் சுட்டிக்காட்டத் தயங்காதவரும் ஆவார்" என்று முடிந்தது. கீழே வழக்கம்போல "தொடர்புகளுக்கு" என்று போட்டு அறக்கட்டளையின் தொலைபேசி இலக்கத்தையும் முகவரியையும் கொடுத்தார். கூடவே சேர் பார்னபியின் படத்தையும் அனுப்பினார்.

அறிவித்தல் இணையத்தளம் நடத்துகிற பாலேந்திரன் ஆராவில் பலசரக்குக் கடையும் வைத்திருந்தார். அடுத்த நாள் காலையில் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, படம் மாறி வந்திட்டுது போல. ஒரு அம்மான்ர படம் வந்திருக்கு."

"அது அவர்தான். அந்தக் காலத்தில முடி அப்பிடித்தான் வைக்கிறவை."

"சரி, அது கிடக்கட்டும். இதென்ன, எல்லாரும் காலஞ்சென்றவையோ? குடும்பத்தில ஒருத்தரும் மிச்சமில்லையோ அண்ணை? என்ன நடந்தது, விபத்தோ?"

"ஓம், காலம் எண்டு வை. போடு நீ."

பாலேந்திரன் போட்டார். நினைவஞ்சலிப் பக்கத்தில் இடம் இருக்கவில்லை என்று மரண அறிவித்தல் பக்கத்திலேயே போட்டார். அங்கேதான் கதை வேறு பக்கம் திரும்பியது.

நம்முடைய சனத்துக்கு அறிவித்தலில் ஆண்டு எல்லாம் பார்க்கிற பழக்கம் இல்லை. படம் பார்ப்பார்கள், ஊர் பார்ப்பார்கள், தொலைபேசி இலக்கம் பார்ப்பார்கள். வெள்ளைக்கார முகம் என்றால் யாரோ ஒருவருடைய சம்பந்தியாக இருக்கவேண்டும். இப்போது பிள்ளைகள் அப்படித்தானே கட்டுகிறார்கள். எந்தப் பிள்ளையின் சம்பந்தி என்று தெரியாமல் போகாமல் விட்டால், நாளைக்கு ஒரு கலியாண வீட்டில் முகம் கொடுக்க முடியாது. ஆகவே போய்வந்துவிடுவதுதான் புத்தி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அம்ரைன் அம்மாவின் தொலைபேசி அடித்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அடித்ததால் அது என்ன சத்தம் என்று பிடிபட அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. எடுத்தார். ஒரு பெண் குரல் உடைந்த ஜெர்மனில் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தது. வைத்தார். மீண்டும் அடித்தது. மதியத்துக்குள் அறுபத்தேழு பேர். அம்ரைன் அம்மா முதல் பத்துப் பேருக்கும் விளங்கவில்லை என்றார். பிறகு நன்றி என்றார். பின்னேரம் ஆகும்போது, "ஓம், திடீரென்றுதான்," என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆட்களே வந்துவிட்டார்கள். வேலை முடிந்து சூரிச்சில் இருந்தும் லுட்சேர்ணில் இருந்தும் நாற்பத்து மூன்று பேர். வெள்ளைச் சட்டைக்காரர்கள், வெளிர் சேலைக்காரர்கள். கூட்ட அறைக்குள் போய், படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டு, கிடைத்த கதிரையில் அமைதியாக உட்கார்ந்தார்கள். குகநாதன் எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றினார். செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் இருக்க அவருக்குக் கை வரவில்லை.

டொக்டர் டொக்டர் ஷ்டூக்கி உள்ளே வந்து பார்த்து அசந்துபோனார். ஆண்டு அறிக்கையில் "பொதுமக்கள் வருகை" என்ற இடத்தில் இருபத்தைந்து வருடமாகப் பூச்சியம். இப்போது நாற்பத்து மூன்று பேர், பதினெட்டாம் நூற்றாண்டு உறுப்பினர் ஒருவருக்காக, குனிந்த தலையோடு. அவர் ஏரிப்பக்க ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டு நாற்பது நிமிடம் பேசினார்.

"சேர் பார்னபியைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லமுடியாது," என்று தொடங்கினார். "அதனால்தான் அவரைப் பற்றி இவ்வளவு காலம் ஆராய முடிகிறது. உறுதியான மனிதர்கள் சீக்கிரம் முடிந்துபோவார்கள். அவர் நோர்மன் வீரர்களின் இரத்தம் என்பது எங்கள் நம்பிக்கை. நம்பிக்கைக்கு ஆதாரம் தேவையில்லை. மற்றவர்களுடைய தகப்பன்மாருக்குத்தான் ஆதாரம் தேவை."

நடுவில் ஓர் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அவருக்கு ஜெர்மன் தெரியாது, செத்தவீடு தெரியும். உரை முடிந்ததும் நாற்பத்து மூன்று பேரும் எழுந்து, ஒருவரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போனார்கள். செத்தவீட்டில் அப்படிச் சொல்வதில்லை என்பது தலைவருக்குத் தெரியாது. "சொல்லிழந்து போனார்கள்," என்றார் பேராசிரியரிடம். "இதுவரை என் உரை யாரையும் இப்படிப் பாதித்ததில்லை."

சனிக்கிழமை காலை, குகநாதன் எதிர்பார்த்திருந்த ஏச்சு வந்தது. அம்ரைன் அம்மா இலக்கத்தைக் கொடுத்து, டப்ளினில் இருந்து ஒருவர் மிகவும் கோபமாக இருக்கிறார், தமிழில் கோபமாக இருக்கிறார், நீங்களே கதையுங்கள் என்றார். சாயிசன் என்று ஒரு பொடியன். அங்கே தாதிமார் விடுதியில் வேலை. ஐரிஷ் பெண்ணைக் கட்டியவன்.

"அண்ணை, இது ஆர் எழுதினது? மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன், அவ அழுறா. டேனியலைப் போட்டிருக்கிறியள். மத்தேயு எங்கை? பிரிஜிட்டின்ர இளையவன் மத்தேயு! அவற்ர வழியிலதான் என்ர மனுசி நோரா வந்தவ. மூத்தவனைப் போட்டு இளையவனை விடுறது என்ன நியாயம்?"

முப்பது வருடத்தில் இவ்வளவு இனிமையான ஏச்சைக் குகநாதன் கேட்டதில்லை.

"தம்பி, என்ர பிழைதான். இப்பவே சேர்க்கிறன். மத்தேயுவுக்குப் பிள்ளையள் எத்தினை? அது போக, சேர் பார்னபியின்ர தேப்பன் பேர் உங்கட வீட்டில ஆருக்கும் தெரியுமோ?"

"என்னண்ணை தெரியாமல்? மாமி வீட்டு பைபிளில கிடக்கு. அந்தாளின்ர தேப்பன் தாமஸ். வாட்டர்போர்டில மெழுகுதிரி காய்ச்சி வித்தவர். சேர் ஆனாப் பிறகு ரெண்டு பெஞ்சாதிமாருக்கும் அந்த பைபிளை வீட்டில வைக்க வெக்கம். அவர் அதைப் பிரிஜிட்டிட்டைக் குடுத்து வைச்சவர். அதுக்குள்ள தாமசின்ர தொழில் பழகின பத்திரமும் மடிச்சுக் கிடக்கு. படம் எடுத்து விடட்டோ?"

அரை மணித்தியாலத்தில் இரண்டு படங்கள் வந்தன. இரண்டு சுயாதீனமான ஆவணங்கள். பின்னேரம் திருத்திய பதிப்பு வெளியானது: காலஞ்சென்ற தாமஸ் குவில்டன் (மெழுகுதிரி வியாபாரி, வாட்டர்போர்ட்) அவர்களின் அன்பு மகனும் என்று தொடங்கி, மத்தேயு, நோரா, சாயிசன் வரை. இந்தத் தடவை காலஞ்செல்லாத இரண்டு பேர் சேர்ந்ததில் பாலேந்திரனுக்கும் ஓர் ஆறுதல்.

ஏப்ரல் முப்பதாம் தேதி காலை ஆணைக்குழு அவசரமாகக் கூடியது. குகநாதன் கொடுத்திருந்த அறிவித்தலையும் பைபிள் படங்களையும் பெரிதாக்கி மேசையில் விரித்திருந்தார்கள். டொக்டர் டொக்டர் ஷ்டூக்கி மெழுகுதிரி என்ற சொல்லை ஒரு தடவை சொல்லிப் பார்த்து, தண்ணீர் குடித்தார்.

"தகப்பன் தீர்ந்துவிட்டார்," என்றார் குகநாதன். "இனி என் தகப்பன்." சட்டைப் பையில் இருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து வைத்தார். அட்டையில் அவருடைய தகப்பனாரின் படம்.

"இது என்ன?"

"கல்வெட்டு. அப்பா செத்த முப்பத்தோராம் நாள் அச்சடித்தது. அவர் வாழ்வும் குடும்பமும். ஏழு தலைமுறை இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தமும் இருக்கிறது, சின்னம்மாவின் இரண்டாவது மகளை விட்டுவிட்டோம்."

பேராசிரியர் ஃபொன் ஆர்க்ஸ் பக்கங்களைப் புரட்டினார். எழுத்துத் தெரியாவிட்டாலும் வம்ச வரைபடம் தெரிந்தது. "ஒரு மனிதனின் வாழ்வும் குடும்பமும்," என்றார். "இதற்கு எத்தனை வருடம் எடுத்தது?"

"முப்பத்தொரு நாள். பிந்தினால் ஆட்கள் கதைப்பார்கள்."

பிறகு டொக்டர் டொக்டர் ஷ்டூக்கி பெருமூச்சு விட்டு, சரி, சான்றிதழைத் தருவோம் என்று பேனாவை எடுத்தார். "ஹெர் தம்பிராசா பதினொரு வருடமாக எமது அறக்கட்டளையின் பணியாளர்" என்று எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டு வந்த பேராசிரியர், "நிறுத்துங்கள்!" என்று கத்தினார்.

ஆணைக்குழுவின் மூன்று பேரும் நடைபாதைக்கு ஓடினார்கள். உயிலை வாசித்தார்கள். பணியாளர் ஒருவரால். எந்த மொழியிலாவது. எந்த வடிவத்திலாவது. வாழ்வும் குடும்பமும். தகப்பன் பெயரோடு அறிவித்தல் வெளிவந்துவிட்டது. எழுதியவர் பணியாளர் என்று கையெழுத்து வைத்தால், அன்றோடு எல்லாம் கழுதைக்கு.

திரும்பி வந்த தலைவர் மிகவும் அன்பாகப் பேசினார். "ஹெர் தம்பிராசா, பணியாளர் என்ற சொல் கொஞ்சம் கனமானது. இப்படிப் போடலாமா? 'எமது வளாகத்தில் கூட்டும் தும்புத்தடியுடன் அவ்வப்போது காணப்பட்டவர்.'"

குகநாதனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. தூசுறிஞ்சும் இயந்திரம் காவிய நாளில்கூட வராத கோபம்.

"பதினொரு வருடம் உங்கள் சேரின் மூக்கை நான்தான் துடைத்தேன்," என்றார். "அவருடைய பிள்ளைகளின் பெயர் உங்களைவிட எனக்குச் சரியாகத் தெரியும். வெண்ணெய் கடைந்தவளைக்கூட நான் விட்டுவிடவில்லை. என்னை நீங்கள் மற்றவையில் போடப் பார்க்கிறீர்கள்."

சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். மணி பத்தேமுக்கால். நகரசபை நான்கு மணிக்குப் பூட்டிவிடும்.

"அந்தக் கடதாசியைத் தாருங்கள்," என்றார் அம்ரைன் அம்மா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காரியதரிசி கூட்டத்தில் பேசி அவர்கள் கேட்டதில்லை.

"கழிவறைக் கடதாசி, ஜன்னல் கண்ணாடி, துப்புரவாளர். இந்த மூன்றுக்கும் என் தனிக் கையெழுத்துப் போதும் என்று நீங்களே தீர்மானம் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் தகுதிக்குக் குறைவான விஷயங்கள் என்று குறிப்பில் இருக்கிறது." கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்துக் குகநாதனிடம் நீட்டினார்.

டொக்டர் டொக்டர் ஷ்டூக்கி கதிரையில் சரிந்தார். "என்ன காரியம் செய்தீர்கள்! சேர் பார்னபியைக் கொன்றுவிட்டீர்கள்."

"அவர் செத்து இருநூறு வருடத்துக்கு மேலாகிறது," என்றார் அம்ரைன் அம்மா. "நாற்பத்து மூன்று பேர் வந்து விசாரித்துவிட்டும் போனார்கள். நமக்குத்தான் இன்னும் தெரியவரவில்லை."

அறக்கட்டளை அன்றே கலைந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். கலைப்பதற்கு ஒரு கலைப்பு ஆணைக்குழு தேவைப்பட்டது. அதன் தலைவர் டொக்டர் டொக்டர் ஷ்டூக்கி, துணைத்தலைவர் பேராசிரியர் ஃபொன் ஆர்க்ஸ். சொத்து வயதுபோன கழுதைகளுக்கு என்று உயில் சொல்வதால், ஒரு கழுதை வயதுபோனது என்பதை எப்படி நிறுவுவது என்ற கேள்வி முதலில் எழுந்தது. ஒவ்வொரு கழுதைக்கும் பிறந்த திகதியும் பெற்றோர் விவரமும் கேட்டு அயர்லாந்துக்குக் கடிதம் போயிருக்கிறது. வருடத்துக்கு நான்கு கூட்டம், மீன் சாப்பாடு. துப்புரவு வேலையும் அதனால் தொடர்கிறது.

அன்று குகநாதன் ஓட்டமும் நடையுமாக ரயில் பிடித்து, ஆராவ் நகரசபையின் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றபோது மணி ஒன்று ஐந்து. உள்ளே இருந்த பெண் சான்றிதழை வாங்கி, ஒரு தடவை வாசித்து, கோப்பில் துளைபோட்டுச் செருகினாள். கோப்பு பூரணம், நேர்முகத்துக்குக் கடிதம் வரும் என்றாள். பிறகு கணினியைப் பார்த்து, "ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. உங்கள் தகப்பனின் பெயர்?" என்று கேட்டாள்.

குகநாதன் கல்வெட்டுப் புத்தகத்தை வெளியே எடுத்தார். "தம்பிராசா," என்றார்.

அவள் தட்டச்சு செய்தாள். எழுத்துச் சரியா என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். சரி.

குகநாதன் நகரவில்லை. "ஆவணம் வேண்டாமா? இரண்டு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்கள் அப்பா யாரென்று உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்படியென்றால் சரி," என்றாள் அவள்.